மௌனம் கலைந்த கதை: மார்பகப் புற்றுநோயும் மாதர் உரிமையும்

தலையிடி என்றும் வயிற்றுக்குத்து என்றும் அயலவரிடம் வாய்விட்டுக் கூறும் நம் தாய்மார், மார்பிலே ஒரு கட்டி தோன்றினால் மட்டும் வாய் திறப்பதில்லை. கணவனுக்குச் சொல்லக் கூசுகின்றனர். பெற்ற மகளுக்குச் சொல்லவும் தயங்குகின்றனர். நோயின் பெயரை உச்சரிக்கவும் அஞ்சி, 'அந்த வருத்தம்' என்று குறிப்பாற் கூறும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறைந்துவிடவில்லை. இவ்வாறு மறைத்து மறைத்து இறுதியில் வைத்தியசாலையை வந்தடையும்பொழுது, பலருக்குக் காலங் கடந்துவிடுகின்றது.

இதனை அறியாமை என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவோர் உளர். அறியாமை மட்டுந்தானா இது? பெண்ணின் உடலைப் பற்றிப் பேசும் உரிமை யாரிடம் இருந்தது? அவ்வுடலிலே கத்தி வைக்கவேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்தவர் யாவர்? வைத்தியம் யாருக்கு எட்டியது, யாருக்கு எட்டவில்லை? இவ்வினாக்களை எழுப்பாமல் மார்பகப் புற்றுநோயின் வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது. இவ்வரலாறு வைத்திய சாஸ்திரத்தின் வரலாறு மட்டுமன்று. ஒரு மௌனம் எவ்வாறு கலைக்கப்பட்டது என்பதன் வரலாறுமாகும். அதனைச் சுருக்கமாகவேனும் நோக்குவது இன்றைய தேவை என நாம் கருதுகின்றோம்.

மார்பிலே தோன்றும் கட்டி பற்றிய மிகப் பழைய குறிப்பு எகிப்திலிருந்து கிடைக்கின்றது. 1862-ஆம் ஆண்டில் லக்ஸர் நகரில் எட்வின் ஸ்மித் என்பார் விலைக்கு வாங்கிய பாப்பிரசுச் சுருள், கி.மு. 1600 அளவில் எழுதப்பட்டது. அதனினும் பழைய நூலொன்றின் பிரதி என்பது அறிஞர் முடிவு. காயங்களையும் முறிவுகளையும் வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் பரிகாரங் கூறிச் செல்லும் அந்நூல், மார்பில் எழும் குளிர்ந்த, கடினமான கட்டியைப் பற்றிக் கூறுமிடத்து, அதற்குச் சிகிச்சை இல்லை என்று சொல்லி நின்றுவிடுகின்றது. பொய் நம்பிக்கை ஊட்டாத அந்த நேர்மையை நாம் மதிக்கலாம். ஆயினும் மனிதகுலம் இந்நோயின் முன் எத்துணைக் காலம் கையறு நிலையில் நின்றது என்பதையும் அதே வரி நமக்கு உணர்த்துகின்றது.

அடுத்து, கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் கூறும் ஒரு சம்பவம். பாரசீகப் பேரரசன் தாரியுசின் பட்டத்தரசி அத்தொஸ்ஸா. மாமன்னன் சைரசின் மகள். அவளுடைய மார்பிலே ஒரு கட்டி தோன்றியது. அது சிறிதாக இருந்தவரையில் நாணத்தினால் எவருக்குங் கூறாது மறைத்தாள். அது உடைந்து பரவத் தொடங்கிய பின்னரே டெமொசீடிஸ் என்னும் கிரேக்க வைத்தியனை அழைத்தாள். அவன் அவளைக் குணப்படுத்தினான் என்கிறது கதை. அது புற்றுநோயோ, வெறுஞ் சீழ்க்கட்டியோ, இன்று தீர்மானித்தற்கியலாது. நமக்கு முக்கியமானது வேறு. உலகின் மிகப் பெரிய அரண்மனையிலே, எண்ணற்ற வைத்தியர் சூழ வாழ்ந்த அரசியே தன் நோயை நாணத்தினால் மறைத்தாள். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த நாணத்தை நமது குடிசைகளிலும் கல்வீடுகளிலும் இன்றும் நாம் காண்கிறோம் அல்லவா?

கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலே உரோமாபுரியில் வாழ்ந்த வைத்தியர் கேலன், உடலில் கரும்பித்தம் மிகுவதாலேயே இந்நோய் உண்டாகின்றது என்றார். கட்டியைச் சூழ்ந்து புடைத்தெழும் நரம்புகள் நண்டின் கால்களை ஒத்திருப்பதாகக் கண்டனர் பண்டையோர். ஆகவே கிரேக்க மொழியில் நண்டைக் குறிக்கும் சொல்லே நோய்க்கும் பெயராயிற்று. கரும்பித்தக் கொள்கை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய வைத்தியத்தை ஆண்டது. உடல் முழுவதிலும் உள்ள பித்தம் காரணமென்றால், ஓரிடத்தை அறுப்பதனாற் பயன் என்ன? எனவே அறுத்தவர் சிலர். அறுக்காது விட்டவர் பலர்.

மயக்க மருந்து இல்லாத காலத்தில் அறுத்தல் என்பது எத்தகையது என்பதை ஒரு பெண்ணே எழுதிவைத்திருக்கிறாள். அவள் ஆங்கில நாவலாசிரியை பனி பேர்ணி. பிரெஞ்சுக்காரரான கணவருடன் பாரிசில் வாழ்ந்த அவளுக்கு 1811 செப்ரெம்பர் 30-ஆம் நாள், நெப்போலியனின் படை வைத்தியரான லாரே முதலியோர் சத்திரசிகிச்சை செய்தனர். அப்பொழுது அவளுக்கு வயது 59. கறுப்புடை அணிந்த ஏழு ஆடவர் கட்டிலைச் சூழ்ந்து நின்றனர். நோவைத் தணிக்கக் கொடுக்கப்பட்டது மதுபானம் சிறிதளவே. முகத்தின்மீது இடப்பட்ட மெல்லிய கைக்குட்டையினூடாக, பளபளக்கும் கத்தியை அவள் கண்டாள். பல மாதங்கள் வரை அந்நாளைப்பற்றி நினைக்கவும் இயலாதிருந்து, பின்னர் தன் சகோதரிக்கு நீண்ட கடிதமாக அனைத்தையும் எழுதினாள். அதன் பின் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1840-இலே காலமானாள். நோயாளியின் கண்கொண்டு நோக்கி எழுதப்பட்ட இக்கடிதம், வைத்திய வரலாற்றிலும் இலக்கிய வரலாற்றிலும் ஒருங்கே இடம்பெறத் தக்கது. வைத்தியர் எழுதிய குறிப்பேடுகளில் காணப்படாத ஒன்று அதிலே உண்டு: அறுக்கப்பட்டவளின் குரல்.

இதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே, 1804 ஒக்டோபர் 13-ஆம் நாள், யப்பானிய வைத்தியர் ஹனஓகா செய்ஷு, தாமே மூலிகைகளிலிருந்து ஆக்கிய மருந்தினால் மயக்கமூட்டி, கன் என்னும் அறுபது வயது மூதாட்டி ஒருத்தியின் மார்பகக் கட்டியை அகற்றியிருந்தார். மேனாட்டில் ஈதர் மயக்கமருந்து பயனுக்கு வந்தது 1846-இலேதான். யப்பான் வெளியுலகுக்குக் கதவடைத்திருந்த காலமாதலால் இச்செய்தி பிற நாடுகளை எட்டவில்லை. அம்மருந்தைப் பரிசோதிப்பதற்குத் தம்மையே ஒப்படைத்தவர் ஹனஓகாவின் தாயும் மனைவியும் என்பதும், மனைவி அதனாற் கண்பார்வை இழந்தாள் என்பதும் அந்நாட்டு வழக்காறு. அரியொஷி சவாக்கோ என்னும் பெண் எழுத்தாளர் 1966-இல் இக்கதையை நாவலாக்கினார். சாதனையாளரின் பெயரோடு சாதனைக்கு விலை கொடுத்தவரின் பெயரையும் நினைவில் நிறுத்துவது இலக்கியத்தின் கடமைகளுள் ஒன்று.

மயக்கமருந்தும் கிருமியொழிப்பு முறையும் கைவந்த பின்னர் சத்திரவைத்தியரின் துணிவு பெருகியது. அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரிலே, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட், 1894-ஆம் ஆண்டில் தமது புதிய முறையின் பெறுபேறுகளை வெளியிட்டார். நோயானது ஒரு மையத்திலிருந்து ஒழுங்காக வெளிநோக்கிப் படர்கின்றது. எனவே எவ்வளவு அகலமாக அறுக்கின்றோமோ அவ்வளவுக்கு அது ஒழியும் என்பது அவர் கொள்கை. மார்பகத்தை மட்டுமன்றி, அதன் கீழுள்ள தசைகளையும், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றினார். அறுத்த இடத்திலே கட்டி மீண்டும் தோன்றுவது பெரிதும் குறைந்தது. கைவிடப்பட்டிருந்த நோயாளருக்கு அது உண்மையில் ஒரு முன்னேற்றமே. ஆனால் பலருக்கு மார்புக்கூடு குழிந்தது, கை வீங்கியது, தோளை உயர்த்த முடியவில்லை. அவ்வாறு அறுத்தும், எலும்பிலோ ஈரலிலோ நோய் பின்னர் தோன்றிப் பலர் மாண்டனர்.

கொள்கை தவறாக இருக்கலாமோ என்ற ஐயம் எழுந்திருக்கவேண்டும். மாறாக, இன்னும் அகலமாக அறுக்கவேண்டும் என்ற எண்ணமே சிலரிடம் வலுத்தது. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட்டின் முறையே வேதவாக்காக விளங்கியது. ஆசிரியர் சொன்னார், மாணாக்கர் செய்தனர். மாணாக்கர் ஆசிரியராயினர், அவர்தம் மாணாக்கர் செய்தனர். குருபரம்பரை என்பது மடங்களுக்கு மட்டும் உரியதன்று போலும்!

எதிர்க்குரல்கள் இல்லாமற் போகவில்லை. லண்டன் சென் பார்த்தலோமியு வைத்தியசாலையில் ஜெப்ரி கெய்ன்ஸ் என்னும் சத்திரவைத்தியர், 1920-களிலே ரேடியம் ஊசிகளைப் பயன்படுத்தி, மார்பகத்தை முற்றாக அகற்றாமலே சிகிச்சையளித்தார். பொருளியலறிஞர் ஜோன் மேனார்ட் கெய்ன்சின் தம்பி இவர். கவிஞர் வில்லியம் பிளேக்கின் படைப்புக்களை ஆராய்ந்து பதிப்பித்தவரும் இவரே. அவர் கண்ட நல்ல பெறுபேறுகளைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலர்.

அதே காலத்தில் ஜெனற் லேன்-கிளேப்பன் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர், நோயுற்ற பெண்கள் ஏறத்தாழ 500 பேரையும் நோயற்றோர் ஏறத்தாழ 500 பேரையும் ஒப்பிட்டு, 1926-இல் அரசாங்க அறிக்கையொன்றை வெளியிட்டார். பிள்ளைப்பேறு, திருமண வயது, தாய்ப்பாலூட்டல் என்பவற்றுக்கும் இந்நோய்க்குமுள்ள தொடர்பை அவ்வறிக்கை சுட்டியது. இன்றைய நோய்ப்பரவலியல் ஆராய்ச்சிமுறைகளுக்கு அது முன்னோடி. சிகிச்சை பெற்றோரின் பிற்கால நிலையையும் ஆராய்ந்து, தொடக்க நிலையில் வந்தோர் நெடுங்காலம் வாழ்கின்றனர் என்பதை 1928-இல் எடுத்துக்காட்டியவரும் அவரே. முன்னதாகக் கண்டறிதல் என்ற கோட்பாட்டுக்கு எண்களின் துணை கிடைத்தது இவ்வாறுதான்.

கண்ணுக்கும் கைக்கும் புலப்படாத கட்டியைக் காண்பதெப்படி? இதற்கு விடை தேடியவருள் முதல்வர் பேர்லின் நகரத்து அல்பேர்ட் சாலொமொன். அகற்றப்பட்ட மார்பகங்கள் மூவாயிரத்தை எக்ஸ்-கதிரினால் படம்பிடித்து, புற்றுநோயின் சாயல்கள் அதிலே தெரிவதை 1913-இல் அவர் நிறுவினார். அவர் யூதர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பதவியிழந்தார். 1938-இல் சாக்சன்ஹவுசன் முகாமில் அடைக்கப்பட்டார். விடுபட்டு நெதர்லாந்துக்குத் தப்பி, ஒளித்திருந்து உயிர் பிழைத்தார். அவருடைய ஒரே மகள் சார்லொட்டே சாலொமொன் ஓவியக் கலைஞர். தன் வாழ்க்கையையே நூற்றுக்கணக்கான ஓவியங்களாகத் தீட்டியவர். கருவுற்றிருந்த அவரை 1943-இல் அவுஷ்விட்ஸ் முகாமில் கொன்றனர். பெண்களின் உயிர்காக்கும் வழியொன்றைத் திறந்துவிட்ட மனிதரின் மகளுக்கு நேர்ந்த கதி இது. விஞ்ஞானம் வளர்வதற்கு ஆய்வுகூடம் மட்டும் போதாது. மனிதரை மனிதராக மதிக்கும் சமுதாயமும் வேண்டும்.

மார்பக எக்ஸ்-கதிர்ப் படம் உயிர்களைக் காக்குமா என்பது பெருமளவில் பரிசோதிக்கப்பட்டது நியூயோர்க்கில். அந்நகரத்தின் சுகாதாரக் காப்புறுதித் திட்டமொன்றில் அங்கத்தவரான, 40 முதல் 64 வரை வயதுடைய ஏறத்தாழ 62,000 பெண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 1963 இறுதியில் தொடங்கிய இவ்வாராய்ச்சியை நடத்தியவர்கள் பிலிப் ஸ்ட்ராக்ஸ் என்னும் வைத்தியரும் சாம் ஷபீரோ என்னும் புள்ளிவிபரவியலாளரும். ஸ்ட்ராக்சின் மனைவி இந்நோயினால் மாண்டவர். பரிசோதிக்க அழைக்கப்பட்ட குழுவிலே இந்நோயால் நேர்ந்த மரணங்கள், பத்தாண்டுகளின் பின் நோக்குமிடத்து, மற்றக் குழுவிலும் பார்க்கச் சுமார் 30 வீதம் குறைந்திருந்தன. நகரசபை ஊழியர் பலர் அங்கம் வகித்த ஒரு கூட்டுறவுத் தன்மையான திட்டம் இருந்திராவிடின், இத்தகைய ஆராய்ச்சி அந்நாளில் நடந்தேறியிருத்தல் அரிது.

இனி, மௌனம் உடைந்த கதைக்கு வருவோம். 1952-இல் நியூயோர்க்கைச் சேர்ந்த தெரீஸ் லாசர் என்பவருக்கு ஹால்ஸ்டெட் முறைப்படி சத்திரசிகிச்சை நடந்தது. கையை எப்படி அசைப்பது, எந்த உடுப்பை அணிவது, வீட்டாருடன் எவ்வாறு பேசுவது என்று வழிசொல்வார் எவருமில்லை. குணமடைந்ததும் அவரே வைத்தியசாலைகளுக்குச் சென்று, தம்மையொத்த பெண்களின் கட்டிலருகில் அமர்ந்தார். கைப்பயிற்சிக்கு ஒரு பந்தும் கயிறும், உடுப்பினுள் வைத்துக்கொள்ளத் தற்காலிகமான ஒரு பஞ்சுறையும் அவர் கொண்டு சென்ற பொருள்கள். வைத்தியரின் அதிகாரத்தில் தலையிடுகிறாள் என்று சினந்து அவரை உள்ளே விடமறுத்தோரும் உண்டு. ஆயினும் அவர் தொடங்கிய இயக்கத்தை 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ஏற்றுக்கொண்டது. பின்னர் பல நாடுகளுக்கும் அது பரவியது. நோயுற்றவருக்கு நோயுற்றவர் துணை என்னும் எளிய உண்மையின் வெற்றி அது.

ஆனால் ஆறுதல் கூறுவது வேறு. உரிமை கேட்பது வேறு. அக்காலத்து வழக்கப்படி, மார்பிலே கட்டியுடன் வரும் பெண்ணுக்கு மயக்கமருந்து கொடுப்பர். கட்டியில் ஒரு துண்டை வெட்டி உடனே பரிசோதிப்பர். புற்று என்று கண்டால், அவள் மயக்கத்தில் இருக்கும்போதே மார்பகத்தை அகற்றிவிடுவர். கண் விழித்த பின்னரே, தனக்குப் புற்றுநோய் உண்டென்பதையும் மார்பகம் போய்விட்டதென்பதையும் ஒரே கணத்தில் அவள் அறிவாள். அவளுடைய உடல் பற்றிய மிகப் பெரிய முடிவு, அவள் உறங்கும்போது எடுக்கப்பட்டது!

இதற்கு உடன்பட மறுத்தவர்களுள் முதன்மையானவர் ரோஸ் குஷ்னர் என்னும் பத்திரிகையாளர். 1974-இல் தம் மார்பில் கட்டியைக் கண்ட அவர், பரிசோதனை ஒரு நாளும் சத்திரசிகிச்சை பிறிதொரு நாளும் நடத்தல் வேண்டும் என்று கேட்டார். சத்திரவைத்தியர் பலர் மறுத்தனர். அதே ஆண்டு செப்ரெம்பரில் ஜனாதிபதி ஜெரல்ட் போர்ட்டின் மனைவி பெட்டி போர்ட்டுக்குச் சத்திரசிகிச்சை நடக்கவிருந்தது. குஷ்னர் வெள்ளை மாளிகைக்குத் தொலைபேசியில் அழைத்து, இரண்டு கட்டமாகச் செய்யுமாறு வற்புறுத்தினார். ஜனாதிபதி முடிவு செய்துவிட்டார் என்ற பதிலே கிடைத்தது. முடிவு செய்தவர் நோயாளி அல்லர், கணவர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

எனினும் பெட்டி போர்ட் ஓர் அரிய பணி செய்தார். தமக்கு வந்த நோயின் பெயரை அவர் மறைக்கவில்லை. நாட்டின் முதற் பெண்மணி வெளிப்படையாகப் பேசியதும், இலட்சக்கணக்கான பெண்கள் தம்மைப் பரிசோதித்துக்கொள்ள முன்வந்தனர். அந்நாட்டில் அவ்வாண்டு பதிவான நோயாளர் தொகை திடீரென உயர்ந்தது. நோய் பெருகியதால் அன்று, மறைந்திருந்த நோய் வெளிப்பட்டதால். அத்தொஸ்ஸா மறைத்ததைப் பெட்டி போர்ட் வெளியிட்டார்.

குஷ்னர் 1975-இல் தம் அனுபவத்தையும் ஆராய்ச்சியையும் சேர்த்து நூலாக வெளியிட்டார். 1979-இல் அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய சுகாதார நிறுவகம் கூட்டிய நிபுணர் குழுவிலே வைத்தியரல்லாத நோயாளியாக அவர் இடம்பெற்றார். பரிசோதனையும் சத்திரசிகிச்சையும் வேறுவேறாக நடத்தல் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. ஒரு பெண்ணின் பிடிவாதம் வைத்திய நியமமாக மாறியது.

பெண்கள் வெளியே கேட்ட கேள்வியை, சாஸ்திரத்தின் உள்ளே நின்று கேட்டவர் பிற்ஸ்பேர்க் நகரத்துச் சத்திரவைத்தியர் பேர்னார்ட் பிஷர். புற்றுநோய்க் கலங்கள் தொடக்கத்திலேயே இரத்தத்தின் வழி உடலிற் பரவக்கூடும்; ஆகவே அகல அறுப்பதனால் மட்டும் உயிர் காக்கப்படாது என்பது அவர் கருத்து. கருத்தை வாதத்தினால் அன்றிப் பரிசோதனையால் நிறுவ முற்பட்டார். 1971-இல் ஏறத்தாழ 1,700 பெண்களைக் கொண்டு, சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் சிகிச்சையை ஒதுக்கி, ஹால்ஸ்டெட் முறையையும் அதனிலும் சிறிய சத்திரசிகிச்சையையும் ஒப்பிட்டார். 1976-இல் தொடங்கிய அடுத்த பரிசோதனையில், மார்பகத்தை முற்றாக அகற்றுவதும் கட்டியை மட்டும் அகற்றுவதும் ஒப்பிடப்பட்டன. இத்தாலியின் மிலான் நகரில் உம்பேர்ட்டோ வெரொனேசியும் 701 பெண்களைக் கொண்டு இவ்வழியிற் சென்று, 1981-இல் முதல் முடிவுகளை வெளியிட்டார். எல்லாம் ஒரே முடிவைத் தந்தன: உயிர் வாழுங் காலத்தில் வேறுபாடில்லை. கட்டியை மட்டும் அகற்றினால் அதே மார்பில் நோய் மீளக்கூடும். ஆயினும் கதிர்ச்சிகிச்சை சேர்ந்தபோது அது 39 வீதத்திலிருந்து 14 வீதமாகக் குறைந்தது என்று இருபதாண்டுக் கணக்கு 2002-இற் காட்டியது.

எண்பது ஆண்டுகளாக எத்தனையோ பெண்கள் இழந்த தசையும் தோள்வலுவும் தேவையற்ற இழப்புக்களாக இருந்தன என்பது இதன் பொருள். ஹால்ஸ்டெட் கொடியவர் அல்லர். தவறு அவருடைய கத்தியில் இருந்ததிலும் பார்க்க, அவரைக் கேள்வி கேட்க மறுத்த பரம்பரையிலேயே இருந்தது.

ஆபிரிக்க வழிவந்த அமெரிக்கக் கவிஞர் ஓட்ரி லோர்ட், 1978-இல் மார்பகம் ஒன்றை இழந்தார். பஞ்சுறை வைத்து இழப்பை மறைத்துக்கொள்ளுமாறு அவருக்குப் புத்தி கூறப்பட்டது. அதனை அணியாமல் வைத்தியரிடம் சென்றபோது, மற்றையோரின் மனவுறுதி குலையும் என்று தாதி ஒருவர் கடிந்துகொண்டார். போரிலே கண்ணிழந்த தளபதி கண்மூடி கட்டிக்கொண்டு உலவினால் வீரன் என்கிறார்கள். நோயோடு போரிட்ட பெண் மட்டும் தழும்பை மறைக்கவேண்டுமா என்ற கருத்துப்பட அவர் வினவினார். 1980-இல் அவர் வெளியிட்ட குறிப்புக்கள், தனிப்பட்ட துயரைச் சமுதாயக் கேள்வியாக உயர்த்திய இலக்கியம். செயற்கை உறுப்பை விரும்புவோர் அணியட்டும். அது அவர் உரிமை. அணியாதிருப்பதும் உரிமையே என்பதுதான் அவர் வாதம்.

மௌனம் உடைந்ததும் வியாபாரம் நுழைந்தது. ஒக்டோபர் மாதத்தை மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாக அமெரிக்காவில் 1985-இல் தொடக்கியபோது, அம்முயற்சியின் பங்காளியாக நின்றது தமொக்சிபென் என்னும் மார்பகப் புற்றுநோய் மருந்தைத் தயாரித்த கம்பெனி. கலிபோர்னியாவில் சார்லொட் ஹேலி என்னும் மூதாட்டி, புற்றுநோய் ஆராய்ச்சிப் பணத்தில் நோய்த்தடுப்புக்கு ஒதுக்கப்படும் பங்கு மிகச் சிறிதென்று கண்டித்து, தம் வீட்டு மேசையில் பீச்சுப்பழ நிற நாடாக்களை முடிந்து வழங்கிவந்தார். 1992-இல் ஒரு சஞ்சிகையும் ஓர் அழகுசாதனக் கம்பெனியும் அந்த நாடாவைக் கேட்டன. வியாபாரத்துக்குத் தரமாட்டேன் என்றார் அவர். நிறத்தை மட்டும் மாற்றினர். இளஞ்சிவப்பு நாடா பிறந்தது. மூதாட்டியின் கண்டனம் மறைந்தது. நாடா மட்டும் எஞ்சியது. இன்று உதட்டுச் சாயம் முதல் தின்பண்டம் வரை எத்தனையோ பொருள்களை அந்த நாடா விற்றுக்கொடுக்கின்றது. நாடா அணிவோரை நாம் பழிக்கவில்லை. அதனாற் பேசத் துணிந்தோர் பலர். ஆனால் நாடா அணிவதோடு கடமை முடிந்ததென எண்ணுவதையே மறுக்கின்றோம்.

ஏனெனில் மரணம் இன்றும் வர்க்கமும் நிறமும் பார்த்தே வருகின்றது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு இந்நோய் வெள்ளையரிலும் சற்றுக் குறைவாகவே தோன்றுகின்றது. ஆனால் அதனால் இறக்கும் விகிதம் ஏறத்தாழ 40 வீதம் அதிகம். உலகெங்கும் 2022-இல் இந்நோய் கண்டோர் 23 இலட்சம், மாண்டோர் 6,70,000. செல்வ நாடுகளில் ஐந்தாண்டு வாழ்வோர் நூற்றுக்குத் தொண்ணூறு, இந்தியாவில் 66, தென்னாபிரிக்காவில் 40 என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். நோய் ஒன்றே, நாடு வேறு, கதி வேறு.

அவ்வாறாயின் ஏழை நாடுகள் செய்யத்தக்கது யாது? இரண்டு ஆராய்ச்சிகள் நமக்கு வழிகாட்டுகின்றன. சீனாவின் ஷாங்காய் நகரத்து நெசவாலைகளில் வேலை செய்த 2,66,064 பெண்களைக் கொண்டு 1989-இல் ஒரு பரிசோதனை தொடங்கியது. ஒரு பகுதியினருக்குத் தம்மைத் தாமே முறைப்படி பரிசோதிக்கும் பயிற்சி தீவிரமாக அளிக்கப்பட்டது. 2002-இல் வெளிவந்த முடிவின்படி, பயின்றோரில் 135 பேரும் பயிலாதோரில் 131 பேரும் இந்நோயால் இறந்திருந்தனர். கட்டிகள் அதிகம் கண்டுபிடிக்கப்பட்டன; அவற்றுட் பல தீங்கற்றவை. மரணம் குறையவில்லை. மும்பாயில் 1998-இல் தொடங்கிய மற்றைய ஆராய்ச்சி வேறுவகையானது. 35 முதல் 64 வரை வயதுடைய ஒன்றரை இலட்சம் பெண்கள் இதில் அடங்கினர். ஒரு பகுதியினரை, பயிற்சி பெற்ற சுகாதார ஊழியப் பெண்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையாற் பரிசோதித்தனர். நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. இருபதாண்டுக் கணக்கு 2021-இல் வெளியானபோது, ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடையோரில் மரணம் ஏறத்தாழ 30 வீதம் குறைந்திருந்தது. அதற்குக் கீழ்ப்பட்டோரில் அத்தகைய பயன் காணப்படவில்லை.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. எக்ஸ்-கதிர் யந்திரம் இல்லையே என்று கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பயின்ற ஒரு பெண்ணின் கையும் உயிர் காக்கும். ஆனால் எல்லாப் பொறுப்பையும் பெண்ணின் தலையிலே சுமத்தி, "நீயே பார்த்துக்கொள்" என்று விட்டுவிடுவதும் பயனற்றது. தன் உடலின் இயல்பை ஒருத்தி அறிந்திருத்தல் வேண்டும். மாற்றங் கண்டால் அஞ்சாது சென்று காட்டுதற்கு அருகில் இடமிருத்தல் வேண்டும். காட்டிய பின் தாமதமின்றிச் சிகிச்சை கிடைத்தல் வேண்டும். நோய்க்குறி தோன்றி வைத்தியரை அடைந்த 60 நாள்களுள் நோயறிதல் முடியவேண்டும் என்றும், நோயாளருள் 80 வீதத்தினரேனும் சிகிச்சையை நிறைவு செய்யவேண்டும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் தொடங்கிய திட்டம் கூறுவதும் இதனையே.

மார்பிலோ அக்குளிலோ புதிதாகத் தோன்றும் கட்டி, தோல் குழிதல் அல்லது தோடம்பழத் தோல்போல் தடித்தல், காம்பு உள்வாங்கல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியவை தாமதியாது காட்டவேண்டிய குறிகள். நோவில்லையே என்று இருந்துவிடலாகாது. தொடக்கத்தில் இக்கட்டி பெரும்பாலும் நோவதில்லை. அதேவேளை, தோன்றுங் கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றுநோயல்ல என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அச்சமூட்டிப் பயனில்லை, அச்சமே பலரை வீட்டினுள் முடக்குகின்றது. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவேனும் ஆண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு.

நம் நாட்டிலே பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. சிகிச்சை இலவசம் என்பது முந்திய தலைமுறையினர் போராடிப் பெற்றுத்தந்த செல்வம். 1996 முதல் நடைபெறும் 'சுகவனிதையர்' கிளினிக்குகளில், 35 வயதைத் தாண்டிய பெண்கள் கட்டணமின்றி மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மகரகமவில் தேசிய வைத்தியசாலை உண்டு. 2011-இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து மக்கள் திரட்டிய நிதியைக் கொண்டு தெல்லிப்பழையிலும் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. போர் தின்ற மண்ணிலே, தெற்கிலிருந்து வடக்குக்கு மனிதர் கால்நடையாகக் கொண்டுவந்த உதவி அது. வசதிகள் இன்னும் பெருகவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உள்ள வசதியையும் நாணம் வாயிலில் நின்று தடுக்குமாயின், கட்டடத்தாற் பயன் என்ன?

தோட்டத்திலே கொழுந்து பறிப்பவள் ஒரு நாள் கூலியை இழந்தே கிளினிக்குக்குப் போகவேண்டியுள்ளது. கிராமத்துத் தாய் பிள்ளைகளை யாரிடம் விட்டுச் செல்வது என்று தவிக்கின்றாள். சத்திரசிகிச்சை முடிந்து திரும்பியவளை, அவள் அடுக்களைக்குள் வரலாமா என்று கேட்கும் வீடுகளும் உண்டு. இந்நோய் தொற்றுவதன்று என்பதை அவ்வீடுகளுக்கு உரக்கச் சொல்லவேண்டியிருக்கின்றது. ஆகவே விழிப்புணர்வு என்பது பெண்களுக்கு மட்டும் நடத்தும் வகுப்பன்று. கூலியோடு கூடிய விடுமுறைக்காகக் குரல் கொடுக்கும் தொழிற்சங்கமும், மனைவியை அழைத்துச் செல்லும் கணவனும், தாய்க்குத் துணைநிற்கும் மகனும், சொற்களை மறைக்காது அச்சிடும் பத்திரிகையும் அதில் பங்காளிகள்.

அத்தொஸ்ஸா நாணத்தால் மறைத்தாள். பனி பேர்ணி எழுதினாள். ரோஸ் குஷ்னர் மறுத்தார். ஓட்ரி லோர்ட் கேள்வி கேட்டார். அவர்கள் வென்றெடுத்த உரிமையின் பயனை நம் தாய்மாரும் சகோதரிகளும் பெறுதல் வேண்டும். இதனை வாசிக்கும் ஒவ்வொருவரும் இன்றே தம் வீட்டுப் பெண்களிடம் இதுபற்றிப் பேசுவார்களாயின், நாம் எழுதியது வீண்போகாது.